நாலு ஜீபிக்குள்ள எத்தனை கேம்?

இரத்தினபுரி, கேகாலை லயங்களில் வளர்ந்த எங்கள் கைக்கு பிஎஸ்பி வந்தப்போ அது செகண்ட் ஹேண்ட். டிஸ்க் கிடையாது, நாலு ஜீபி மெமரி ஸ்டிக் மட்டும்தான். 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளியான அந்தக் கருவியின் யூஎம்டி டிஸ்க் ஒன்றே 1.8 ஜீபி வரை பிடிக்கும்.

2006இல் டார்க் அலெக்ஸ் என்ற புனைபெயர்க்காரர் கஸ்டம் ஃபர்ம்வேர் வெளியிடத் தொடங்கினார். டிஸ்க்கில் இருந்த கேமை ஐஎஸ்ஓ ஃபைலாக மெமரி ஸ்டிக்கிலிருந்தே ஓட்டலாம்னு ஆச்சு. இடம் போதாததுக்கு சிஎஸ்ஓ: ஃபைலை 2048 பைட் துண்டுகளா வெட்டி, ஒவ்வொன்றையும் தனியா சுருக்கி, எது எங்கே இருக்குன்னு முன்னாடி ஒரு அட்டவணை. கேட்ட துண்டு மட்டும் விரியும். சில கேம்ல வீடியோ விக்கும், பரவால்ல.

திருட்டுன்னு சொல்றவங்களோட நாங்க முழுசா சண்டை போடமாட்டோம். ஆனா 2021 ஜூலையில், பிஎஸ்பியிலேயே காசு கொடுத்து வாங்குற கடைசி வழியையும் சோனி மூடிட்டுது.