உப்புக்கு நிறமில்லை

நான் திருப்பூரில் சாயப்பட்டறை மாஸ்டரானபோது எங்கும் வின்ச் மெஷின்தான். ஒரு கிலோ துணிக்கு இருபது லிட்டர் தண்ணீர். கறுப்பு, கருநீலம் என்றால் லிட்டருக்கு எண்பது கிராம் உப்பு. பெருக்கினால் ஒரு கிலோ பனியன் துணிக்கு 1,600 கிராம் வரும். துணியைவிட உப்பு கனம். அன்றைக்கு நாங்கள் யாரும் பெருக்கிப் பார்க்கவில்லை.

உப்பு எதற்கு என்று புதுப் பையன்கள் கேட்பார்கள். தண்ணீரில் பருத்திக்கும் எதிர்மின்னூட்டம், சாயத்துக்கும் எதிர்மின்னூட்டம், ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தப் பகையைத் தணித்துச் சாயத்தை நூலுக்குள் அனுப்பும். பிறகு சோடா போட்டால் சாயம் நூலோடு பிணைந்துகொள்ளும். 1956-இல் ஐ.சி.ஐ. கம்பெனி ‘புரோசியான்’ என்று விற்கத் தொடங்கிய ரியாக்டிவ் சாயங்களின் வித்தை இது. தரகு வேலை முடிந்ததும் உப்பு, போட்டது போட்டபடி, அலசல் தண்ணீரோடு நொய்யல் ஆற்றுக்குப் போய்விடும்.

ஆற்றின் கீழ்ப்போக்கில் 1992-இல் ஒரத்துப்பாளையம் அணை வந்தது. பாசனத்துக்குக் கட்டியது, எங்கள் கழிவுக்குத் தொட்டியாயிற்று. சென்னிமலைப் பக்கம் என் மாமனுக்குத் தோட்டம் இருந்தது. ஒருநாள் கிணற்றுத் தண்ணீரைச் சொம்பில் நீட்டினார். “தெளிவாத்தான் இருக்குது மாப்ள. வாயில வெச்சுப் பாரு.” வைத்தேன். துப்பினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போடுவோம். நிறம் திரண்டு சேறாய் அடியில் இறங்கும். மேல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையாகக் காட்டுவோம். அதில் கரைந்த உப்பு ஒரு சிட்டிகையும் குறைந்திருக்காது. லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த திடப்பொருள் கூடாது என்பது விதி. சாயத் தொட்டியிலோ உப்பு மட்டுமே 80,000. இந்தக் கணக்கு தெரிந்தும் பாட்டிலைக் காட்டியவர்களில் நானும் ஒருவன்.

ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் சொன்னது. பட்டறைக்காரர்கள் இழுத்தடித்தார்கள். 2011 ஜனவரியில் பட்டறைகளையே மூடச் சொல்லிவிட்டது. எழுநூற்றுச் சொச்சம் பட்டறைகள். பாய்லர் புகை இல்லாத ஊரை அப்போதுதான் பார்த்தேன்.

அதன் பிறகுதான் உப்பைப் பிடிக்கும் வேலை உண்மையாகத் தொடங்கியது. ஆர்.ஓ. சவ்வில் நல்ல தண்ணீர் ஒரு பக்கம், அடர் உப்பு நீர் மறுபக்கம். அந்த உப்பு நீரை ஆவியாக்கக் கரண்டும் விறகும் கொட்ட வேண்டும். எனக்குப் பிடித்தது வேறொரு தந்திரம். கல்லுப்பை விட்டு கிளாபர் சால்ட்டுக்கு, அதாவது சோடியம் சல்ஃபேட்டுக்கு, மாறினோம். கல்லுப்பு சூட்டிலும் குளிரிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் கரையும். சல்ஃபேட்டோ 32 டிகிரிக்குக் கீழே குளிரக் குளிரக் கரையும் அளவில் சரசரவென்று குறைகிறது. அடர்ந்த நீரைக் குளிர்வித்தால் படிகமாகக் கொட்டும். அள்ளி மறுபடி சாயத்துக்கே போடலாம். மெஷினும் மாறியது: சாஃப்ட் ஃப்ளோவில் கிலோவுக்கு ஆறு லிட்டர் போதும். அதே கறுப்புக்கு 480 கிராம் உப்பு.

கடைசியில் ஒரு மிச்சம் நிற்கும். சல்ஃபேட், குளோரைடு, எஞ்சிய சாயம் எல்லாம் கலந்த பழுப்புத் தூள். கலப்பு உப்பு என்பார்கள். பிரித்தால் கட்டுப்படியாகாது, கொட்டவும் கூடாது. மூட்டை கட்டி, மழை படாத ஷெட்டில் அடுக்கினோம். நான் ஓய்வு பெற்ற அன்று அடுக்கு கூரையைத் தொட்டிருந்தது.