ஸ்டார்ட் ஆகாத எஞ்சின்

ஆரணிப் பக்கத்து ஆளுக்குப் படகைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நமக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் கமண்டல நாகநதியும் ஏரியும் கிணறும்தான். ஆனால் நம் திருமலைக் குன்றின் பாறையில் முதலாம் ராஜேந்திர சோழனின் கல்வெட்டு இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். கங்கைப் பக்கம் போன படையெடுப்போடு, ஈழத்தையும் கடல் நடுவே உள்ள பழைய தீவுகளையும் அவன் வென்ற செய்தியும் அதில் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கடல் சமாசாரம் நம் ஊர்க் குன்றுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் நானும் எழுதுகிறேன்.

சோழர் கப்பலுக்கு எஞ்சின் கிடையாது. பாயும் துடுப்பும்தான். காற்று இல்லையென்றால் காத்திருப்பார்கள். “ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை?” என்ற கேள்வி எஞ்சின் வந்த பிறகு வந்தது.

நான் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். ஆனால் என் கையைப் பழக்கியது தறி அல்ல, தாய்மாமன் கிணற்றடியில் இருந்த ஆயில் எஞ்சின். மாமா டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு ஹேண்டிலைப் போட்டுச் சுற்றுவார். வேகம் ஏறியதும் லீவரைக் கீழே தட்டுவார். ‘டுப்... டுப்...’ என்று புகை விட்டபடி பிடித்துக்கொள்ளும். “கட்டை விரலை மற்ற விரல்களோடு சேர்த்து வை. ஹேண்டில் திருப்பி அடிச்சா விரல் போயிடும்” என்பார். அதுதான் என் முதல் பாடம். பிறகு டீசல் மெக்கானிக் படித்து, ஐ.டி.ஐ.யில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றேன்.

இந்த எஞ்சின் நம் பக்கம் வந்த கதை சுவையானது. சென்னை மாகாணத்தில் ஆயில் எஞ்சின் வைத்துக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கலாம் என்று 1900-களின் தொடக்கத்தில் முனைந்து பரப்பியவர் ஆல்பிரட் சாட்டர்டன். சென்னை பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். சேலத்தில் அரசு நெசவாலை வைத்து, கயிறு இழுத்தால் நாடா ஓடும் கைத்தறி முறையைப் பரப்பப் பாடுபட்டவரும் அவரே. நம் தறிக்கும் நம் கிணற்றுக்கும் ஒரே ஆள் கவலைப்பட்டிருக்கிறார்.

அந்தக் காலத்து எஞ்சின்களில் ஒரு வகைக்குத் தலையில் ஒரு குமிழ் இருக்கும். அதை ஊதுவிளக்கால் சிவக்கச் சிவக்கச் சூடாக்கிய பிறகே எஞ்சின் ஓடும். ருடால்ப் டீசல் அந்தத் தொல்லையைப் போக்கினார். காற்றை நன்றாக அழுத்தினாலே எண்ணெய் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடேறும் என்று கண்டு, 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டினார். உலகத்துப் படகுகளுக்கெல்லாம் எஞ்சின் கொடுத்த அந்த மனிதர் 1913 செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்து போகும் கப்பலிலிருந்து காணாமல் போனார். உடல் பிறகு கடலில்தான் கிடைத்தது.

நம் கடற்கரைக்கு எஞ்சின் பெரிய அளவில் வந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. 1952 அக்டோபரில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் ஓர் ஒப்பந்தம் செய்தன. அடுத்த வருஷம் கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரை, சக்திகுளங்கரை ஊர்களில் வேலை தொடங்கியது. நார்வேக்காரர்கள் எஞ்சின் படகை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஐஸ் ஆலை, குடிநீர், மருத்துவ நிலையம் ஆகியவற்றோடு, பழுது பார்க்கும் பட்டறையும் வைத்தார்கள். பட்டறை இல்லாத ஊரில் எஞ்சின் படகு வெறும் மரம்தான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிறகு படகு ஓட்டவும் எஞ்சின் பார்க்கவும் ஆள் தயார் செய்ய 1963-ல் கொச்சியிலும் 1968-ல் சென்னையிலும் மத்திய அரசின் பயிற்சி நிலையங்கள் வந்தன.

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரை வெற்றிகரமாக விற்றுப் பரப்பியவரும் நார்வேயில் பிறந்தவர்தான். ஓலே எவின்ரூட் என்பவர் அமெரிக்காவில் 1909 வாக்கில் அதை விற்க ஆரம்பித்தார். முதல் மோட்டார்களில் மேலே இருக்கும் சக்கரத்தின் குமிழைக் கையால் பிடித்துச் சுழற்ற வேண்டும். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது பிறகு வந்தது. நம் கட்டுமரக்காரர்களிடமும் வள்ளக்காரர்களிடமும் அது பரவியது 1980-களில்தான். இங்கே அது மண்ணெண்ணெயில் ஓடியது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரைக்கு வந்து நிறுத்தும் முன் மறுபடியும் பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓட்ட வேண்டும். அதை மறந்தால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். விடிகாலையில் எத்தனை முறை கயிறு இழுத்தாலும் எஞ்சின் எழுந்திருக்காது. நேற்று மாலை செய்த தப்புக்கு இன்று காலை தோள் வலிக்கும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 1980-களில் என்னிடம் படித்த ஒரு மாணவன் கடலூர்ப் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. விடுமுறையில் கூட்டிப் போய்த் தன் தாத்தாவின் படகில் ஏற்றினான். எல்லாம் தெரிந்த வாத்தியார் என்ற மிடுக்கோடு போனேன். கரை கண்ணுக்கு மறைந்த பிறகு எஞ்சின் இரண்டு முறை இருமி நின்றுவிட்டது. ஹேண்டில் போட்டோம். சுற்றுகிறது, பிடிக்கவில்லை.

என் மாணவர்களுக்குச் சொன்ன வரிசையை எனக்கே சொல்லிக்கொண்டேன். டீசல் எஞ்சினுக்கு வேண்டியது எண்ணெய், காற்று, அழுத்தம். மூன்றில் ஒன்று இல்லை. ஹேண்டிலில் அழுத்தம் கைக்குத் தெரிந்தது. காற்று வடிகட்டி சுத்தம். டாங்கியைத் திறந்தேன், பாதி டீசல் இருந்தது. அப்படியானால் நாசில்தான் என்று ஸ்பேனரை எடுத்தேன். படகு நீரோட்டத்தில் போய்க்கொண்டிருந்தது. எங்கே போகிறோம் என்று எனக்குத் தெரியவில்லை. வயிறு கலங்கியது.

பெரியவர் என் கையைப் பிடித்தார். “சார், கரையில டாங்கி நிக்கும். கடல்ல டாங்கி ஆடும். பாதி டாங்கியில எண்ணெ ஒதுங்குனா பைப்பு காத்தைத்தான் குடிக்கும்” என்றார். பில்டரின் மேல் திருகைத் தளர்த்தி, கைப் பம்பை அழுத்தினார். நுரை நுரையாக வந்தது. நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் திருகை முறுக்கினார். அடுத்து பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டைத் தளர்த்தி அங்கேயும் அப்படியே. ஹேண்டில் போட்டதும் பிடித்துக்கொண்டது. ஏர்லாக்! கிணற்றடியில் நூறு முறை நான் எடுத்த அதே ஏர்லாக். டாங்கி அசையாத இடத்தில் கற்றுக்கொண்டதால், டாங்கியில் எண்ணெய் இருந்தால் எஞ்சினுக்கும் எண்ணெய் போகிறது என்று நினைத்துவிட்டேன்.

ஒரு நெசவாளியாவது இந்தத் தவறைச் செய்ய மாட்டார். சேலையில் கோடு விழுந்தால் தறியைக் கழற்ற மாட்டார். பாவில் எந்த இழை அறுந்தது என்று நுனியிலிருந்து தொட்டுக்கொண்டே வருவார். எஞ்சினையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். டாங்கியிலிருந்து தொடங்கி, எண்ணெய் போகும் வழியில் கையை வைத்துக்கொண்டே போக வேண்டும். நாசிலைக் கழற்றுவது கடைசி.

நிலத்தில் எஞ்சின் நின்றால் ஒரு பாத்தி காயும். கடலில் நின்றால் ஆள் அடித்துச் செல்லப்படுவார். பாக் நீரிணையில் எஞ்சின் பழுதாகி எல்லை தாண்டி மிதந்து போய்ப் பிடிபட்டவர்களின் செய்தியைப் பத்திரிகையில் படிக்கும்போதெல்லாம் அந்த நுரை என் கண்முன் வரும். இன்று கடலோரக் காவல் படைக்கு 1554 என்ற எண் இருக்கிறது. அன்று எங்களிடம் இருந்தது அந்தப் பெரியவர் மட்டும்தான்.

விடுமுறை முடிந்து வகுப்புக்குப் போனதும் கரும்பலகையில் முதல் வரியாக “டாங்கி ஆடும்” என்று எழுதினேன். நிலத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு வருஷமும் அந்த வரியை எழுதினேன்.