குடிமீட்புக் குழுக்களில் உரையாடல்: ஆய்வு வரலாறு

குடியை விட முயல்வோர் கூடிப் பேசும் கூட்டங்களில் யார் எப்போது பேசுகிறார், மற்றவர்கள் எப்படிக் கேட்கிறார்கள், கேட்டதற்கு என்ன மறுமொழி தருகிறார்கள் என்பதை ஆராயும் துறை இது. சமூகவியலாளர், மானிடவியலாளர், உரையாடலை ஆராய்வோர் ஆகிய மூன்று தரப்பினரும் இதற்குப் பங்களித்துள்ளனர். பெரும்பாலான ஆய்வுகள் ஏ.ஏ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களைப் பற்றியவை.

தன் குடிக்கதையைப் பலர் முன் சொல்லித் தேறும் வழக்கம் ஏ.ஏ.வுக்கு முந்தையது. 1840இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஒரே மதுக்கடையில் குடித்துவந்த ஆறு பேர் வாஷிங்டோனியன் சங்கத்தைத் தொடங்கினார்கள். அனுபவம் சொல்வதே அவர்களுடைய கூட்டத்தின் உயிர். சங்கம் மளமளவென்று பரவியது. சில ஆண்டுகளிலேயே தேய்ந்தும் போனது.

ஏ.ஏ.வின் கதை 1935 மே மாதம் தொடங்குகிறது. ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்கு வந்த பில் வில்சனுக்கு வந்த காரியம் கைகூடவில்லை. நியூயார்க் பங்குச் சந்தையில் தொழில் செய்தவர். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. தங்கியிருந்த ஓட்டலில் மதுக்கூடத்தின் ஆரவாரம் காதில் விழுந்தது. அவர் உள்ளே போகாமல், பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று தேவாலயப் போதகர்களிடம் தொலைபேசியில் விசாரித்தார். அப்படிக் கிடைத்தவர் அறுவைச் சிகிச்சை மருத்துவர் ராபர்ட் ஸ்மித். கால் மணி நேரம் மட்டும் இருப்பதாகச் சொல்லி வந்த ஸ்மித், ஏறத்தாழ ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வில்சன் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. தான் குடித்த கதையைச் சொன்னார். பின்னாளில் ஆய்வாளர்கள் துருவித் துருவிப் பார்த்தது இந்தப் பேச்சு முறையைத்தான். ஸ்மித் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஆம் நாளையே ஏ.ஏ. தன் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறது.

சமூகவியலாளர்களில் முன்னோடி ராபர்ட் ஃபிரீட் பேல்ஸ். ஏ.ஏ.வின் குணப்படுத்தும் பங்கைச் சமூகவியல் நோக்கில் விளக்கிய அவருடைய கட்டுரை 1944இல் வந்தது. சிறு குழுவில் நிகழும் ஒவ்வொரு பேச்சையும் 12 வகைகளுள் ஒன்றில் அடக்கிப் பதியும் முறையை அவரே 1950இல் வெளியிட்டார். 1965இல் ஃபிராங்க் ரீஸ்மன், உதவி பெறுபவரைவிடச் சில வேளை உதவுபவரே கூடுதலாகப் பயனடைகிறார் என்று எழுதினார். ஆக்ரனில் வில்சன் தொலைபேசியை எடுத்ததன் காரணத்தை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கியதில்லை. குடியோடு மல்லுக்கட்டுவதை நிறுத்தித் தோல்வியை ஒப்புக்கொள்வதே மீட்சியின் முதற்படி ஆவது எப்படி என்பதைக் கிரிகரி பேட்சன் 1971இல் ஆராய்ந்தார்.

அடுத்து வந்தவர்கள் கூட்டங்களுக்குள்ளேயே போய் உட்கார்ந்தார்கள். நார்மன் டென்சின் பல ஆண்டுகள் கூட்டங்களைக் கவனித்து 1987இல் நூல்களை வெளியிட்டார். மானிடவியலாளர் கரோல் கெய்ன் 1991இல் காட்டியது இன்னும் நுட்பமானது. புதிதாக வருபவர் மூத்தவர்களின் கதைகளைக் கேட்டுக் கேட்டு, தன் வாழ்க்கையையும் அதே வார்ப்பில் சொல்லக் கற்கிறார். சொல்லப் பழகப் பழக, தான் யார் என்ற எண்ணமே மாறுகிறது.

பின்லாந்தின் இல்க்கா ஆர்மினன் கூட்டங்களின் ஒலிப்பதிவுகளை வரிவரியாக ஆராய்ந்து 1998இல் நூலாக்கினார். இத்துறையின் மிகச் சிறந்த பணி இதுதான். கூட்டத்தில் ஒருவர் பேசும்போது குறுக்கே பேசுவதில்லை. பேசி முடித்தவரை விமர்சிப்பதும் இல்லை. அப்படியானால் உரையாடல் எப்படி நடக்கிறது? மனைவி பிரிந்துபோன இரவில் மதுக்கடை வாசல்வரை போய்த் திரும்பியதை ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தவர், “நீங்கள் இப்படிச் செய்யுங்கள்” என்று தொடங்குவதில்லை. “எனக்கும் ஓர் இரவு அப்படி இருந்தது” என்று தன் கதைக்குப் போகிறார். முதல் கதைக்கு மறுமொழி இரண்டாம் கதைதான். சொன்னவர் தலைகுனிய வேண்டியதில்லை. தன் பாரம் இன்னொருவருக்கும் தெரிந்த பாரம் என்று அறிகிறார்.

கிளவுஸ் மேக்கெலா தலைமையில் பல நாட்டு ஆய்வாளர்கள் எட்டுச் சமூகங்களின் ஏ.ஏ. கூட்டங்களை ஒப்பிட்ட நூல் 1996இல் வந்தது. ஏ.ஏ. பயன் தருகிறதா என்ற பழைய கேள்விக்கும் விடை கிடைத்திருக்கிறது. 10,565 பேரை உள்ளடக்கிய 27 ஆய்வுகளைச் சீர்தூக்கிய காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு மதிப்பீட்டு அமைப்பின் 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, ஏ.ஏ.வில் சேர்ந்து பங்கேற்க வழிகாட்டும் முறைப்படியான சிகிச்சைகள், குடியை முழுதாக விட்டிருக்கச் செய்வதில் பிற நிலைபெற்ற சிகிச்சைகளைவிட மேலாக இருந்தன.

பெயர் வெளியிடாமை ஏ.ஏ.வின் அடிப்படை நெறி. அதனால் ஒலிப்பதிவுக் கருவி அங்கே எளிதில் நுழைய முடியாது, இசைவின்றி நுழையவும் கூடாது. நம்பிப் பேசுபவரின் இசைவு இல்லாமல் எடுத்த பதிவு எவ்வளவு அரியதானாலும் அது ஆய்வு ஆகாது. தமிழ்நாட்டிலும் ஏ.ஏ. கூட்டங்கள் தமிழில் நடக்கின்றன. திறந்த கூட்டங்களில் குடிநோயாளி அல்லாதவரும் உட்கார்ந்து கேட்கலாம். தமிழ்ப் பேச்சை ஆராயும் மாணவர்கள் குறிப்பேட்டைப் பையிலேயே வைத்துவிட்டு, முதலில் சில மாதங்கள் அங்கே போய்க் கேட்கட்டும்.