ஒன்றரை ஷிப்ட்டும் அப்பாவின் சைக்கிளும்

மங்கலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையோரம் போன மாதம் வரை அப்பாவின் ஹெர்குலிஸ் சைக்கிள் நின்றது. அதில்தான் அவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்வந்தார். ஒரு வழிக்கே சுமார் 10 கிலோமீட்டர். பக்கத்து வீட்டுத் தம்பியிடம், "சும்மாதான நிக்குது, எடுத்துக்கோ" என்றேன். அவனுக்கு வயது 22. "போங்கண்ணா, சைக்கிள்ல போனா ஒருத்தனும் மதிக்க மாட்டான்" என்று சிரித்தான். இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பு வளையவில்லை என்றுதான் நானும் நினைத்தேன். புதுக்கோட்டைக் கதையை மறுபடி படித்தபோது அந்த எண்ணம் மாறியது.

1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சொல்லிக்கொடுத்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பின்பலமாக நின்றார். கேலியைப் பொருட்படுத்தாமல் ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு என்கிறார் பத்திரிகையாளர் பி. சாய்நாத். பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்க வேண்டாம், அப்பனையோ புருஷனையோ எதிர்பார்க்க வேண்டாம். நேரமும் மரியாதையும் கிடைத்ததால் ஏறினார்கள்.

எங்கள் பக்கம் சைக்கிளுக்குப் பஞ்சமில்லை. 2001-02இல் பட்டியல் இன மாணவிகளுக்குத் தொடங்கிய அரசின் இலவச சைக்கிள், சில ஆண்டுகளில் அரசுப் பள்ளி பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லோருக்கும் வந்தது. ஆனால் பிளஸ் டூ முடிந்து கம்பெனிக்குப் போனதும் அதை ஓரங்கட்டிவிடுகிறார்கள். காலை எட்டரைக்கு ஷிப்ட். ஒன்றரை ஷிப்ட் என்றால் வெளியே வர ராத்திரி எட்டரை ஆகும். அப்பா காலத்திலும் ஒன்றரை ஷிப்ட் இருந்தது, ஆனால் ரோட்டில் இவ்வளவு வண்டி இல்லை.

ஒருநாள் ராத்திரி நானே ஓட்டிப் பார்த்தேன். ஆண்டிபாளையம் தாண்டுவதற்குள் லாரி ஹாரனுக்குப் பயந்து மூன்று தடவை மண்ணில் இறங்கினேன். நாள் முழுக்கச் சேரில் உட்கார்ந்து வேலை பார்க்கிற எனக்கே இப்படி என்றால், பன்னிரண்டு மணி நேரம் செக்கிங் டேபிளில் நின்ற பெண் எப்படி மிதிப்பாள்? அவள் தவணையில் ஸ்கூட்டி வாங்குவதும் புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் ஏறிய அதே காரணத்துக்காகத்தான்.

தவணை கட்ட வழியில்லாதவர்கள் இன்னமும் அந்த ரோட்டில் நடக்கிறார்கள். பெரும்பாலும் வடமாநிலத்துப் பையன்கள். செல்போன் வெளிச்சத்தில், மண்ணோரமாக, வரிசையாகப் போவார்கள். ரோட்டை அகலப்படுத்தும்போது இவர்களுக்கென்று நாலடி ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லை.

அப்பாவின் சைக்கிளை அவர்களில் ஒரு பீகார் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒன்று வாங்கி மாட்டினேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.