நடுவில் ஓர் எட்டு

பள்ளி விளையாட்டு விழாக்களில் நூறு மீட்டர் ஓட்டத்துக்குக் கூடும் கூட்டம் மும்முறை தாண்டுதலுக்குக் கூடுவதில்லை. அருப்புக்கோட்டைப் பக்கத்தில் நான் படித்த பள்ளியிலும் அப்படித்தான். மைதானத்தின் மேற்கு மூலையில், வேலிக்கருவைப் புதரை ஒட்டி ஒரு மணல் குழி இருந்தது. நீளம் தாண்டுதலில் தோற்றவர்கள், ஓட்டத்தில் தேறாதவர்கள், எதிலாவது பெயர் கொடுத்தே ஆகவேண்டும் என்று வகுப்பாசிரியரால் துரத்தப்பட்டவர்கள் ஆகியோரே அங்கு வந்து சேர்வார்கள். நானும் அவ்வாறு வந்து சேர்ந்தவன்தான். என் வகுப்புத் தோழன் ஒருவன் மட்டும் அதை விரும்பி வந்தான். அவனைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

விளையாட்டின் விதி எளியது. ஓடிவந்து பலகையில் எந்தக் காலை ஊன்றினோமோ அதே காலில் மறுபடியும் தரையிறங்க வேண்டும். இது நொண்டி. அங்கிருந்து மறுகாலுக்கு மாறவேண்டும். இது எட்டு. அந்த மறுகாலால் உந்தி மணலில் போய் விழவேண்டும். இது தாவல். வலது, வலது, இடது, மணல் என்று எங்கள் உடற்கல்வி ஆசிரியர் தாளக்கட்டோடு சொல்லித் தருவார். நொண்டி என்ற சொல் நமக்குப் புதிதன்று. பாண்டி ஆடிய சிறுமியர் எல்லாரும் அறிந்தது. தமிழிலக்கியம் படித்தவர்களுக்கோ நொண்டி நாடகம் என்றொரு சிற்றிலக்கிய வகையே நினைவுக்கு வரும். திருடப் போய்ப் பிடிபட்டுக் கால் இழந்தவன், ஒற்றைக்காலில் ஆடியபடி தன் கதையைத் தானே சொல்லிச் செல்லும் நாடகம் அது. பழைய இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் பெயரிலும் ஒரு நொண்டி நாடகம் உண்டு. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1985 வரை அந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தவைதாம். ஆகவே நொண்டியடிப்பதில் எங்களுக்கு ஓர் உரிமை உண்டு என்று வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வது என் வழக்கம்.

வேடிக்கை இருக்கட்டும். நவீன ஒலிம்பிக்கின் முதல் வெற்றியாளரைத் தந்த போட்டி இதுதான் என்பது பலருக்கும் தெரியாது. 1896ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் ஏதென்ஸில் அமெரிக்கரான ஜேம்ஸ் கானலி 13.71 மீட்டர் தாண்டி வென்றார். அடுத்து வந்தவரைவிட ஏறத்தாழ ஒரு மீட்டர் கூடுதல். அன்று விதிகள் இன்றுபோல இறுகியிருக்கவில்லை. கானலி இருமுறை நொண்டியடித்துப் பிறகு தாவினார். போட்டிக்குப் போவதற்காக ஹார்வர்டு பல்கலைக்கழகப் படிப்பைக் கைவிட்டவர் அவர். அயர்லாந்து வம்சாவளியில் வந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. இலக்கிய வாசகர்களுக்கு இன்னொரு செய்தியும் சுவையாக இருக்கும். பின்னாளில் கானலி மீனவர்களின் வாழ்வையும் கடலையும் பற்றிக் கதைகள் எழுதிப் பெயர்பெற்ற எழுத்தாளரானார்.

இந்த விளையாட்டின் சூட்சுமம் நடுவிலுள்ள எட்டில் இருக்கிறது. முதல் நொண்டியில் எல்லாருக்கும் ஓடிவந்த வேகம் கைகொடுக்கும். கடைசித் தாவலில் மணல் ஏந்திக்கொள்ளும். நடுவிலுள்ள எட்டுக்குத்தான் எந்தத் துணையும் கிடையாது. நொண்டியிலிருந்து இறங்கும் ஒற்றைக்கால், உடல் எடையைப்போலப் பத்து மடங்குக்கும் மேலான அழுத்தத்தைத் தாங்கி, அந்தக் கணமே மீண்டும் எழவேண்டும். முதல் நொண்டியில் ஆசைப்பட்டு அதிக உயரம் போனவனுக்கு இங்கே முழங்கால் மடங்கிவிடும். வேகத்தைக் கையிருப்பாக வைத்துக்கொண்டவனுக்கே மூன்றாவது தாவல் வாய்க்கும்.

1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் நாள், சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் பிரிட்டனின் ஜொனாதன் எட்வர்ட்ஸ் 18.29 மீட்டர் தாண்டினார். முப்பதாண்டுகள் கடந்தும் அந்த உலக சாதனை நிற்கிறது. அத்தாண்டலின் கணக்கைப் பிரித்துப் பார்க்கலாம்: நொண்டி 6.05 மீட்டர், எட்டு 5.22 மீட்டர், தாவல் 7.02 மீட்டர். மூன்றில் மிகச் சிறியது எட்டு. ஆனாலும் எங்கள் பள்ளியில் நீளம் தாண்டுதலில் வென்றவர்கள் முழு ஓட்டத்தோடு வந்து தாண்டியதே அந்த அளவை எட்டியிருக்குமா என்பது ஐயந்தான். எட்வர்ட்ஸின் படத்தை நூலகத்துச் செய்தித்தாளில் பார்த்தபோது, பறக்கிறவர்போல் இல்லாமல் நீர்மேல் எறிந்த ஓட்டாஞ்சில்லு தத்திப் போவதுபோலத் தோன்றியது. கண்மாயில் சில்லெறிந்து பழகிய எங்களுக்கு அது உடனே விளங்கியது. சில்லை மேல்நோக்கி எறிந்தால் ஒரே தத்தலில் முழுகிவிடும்.

ஆசியாவுக்கு இந்த விளையாட்டில் ஒரு பெருமிதமான பழங்கதை உண்டு. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் ஜப்பானின் மிக்கியோ ஓடா 15.21 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். தனிநபர் போட்டியில் ஆசியர் ஒருவர் வென்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அதுவே. 1932 லாஸ் ஏஞ்சலிஸில் சூஹெய் நம்பு 15.72 மீட்டர், 1936 பெர்லினில் நவோட்டோ தாஜிமா சரியாக 16 மீட்டர். இவ்விரண்டும் உலக சாதனைகள். அடுத்தடுத்த மூன்று ஒலிம்பிக்குகளில் மூன்று ஜப்பானியர். ஓடாவும் நம்புவும் ஒரே வசேதா பல்கலைக்கழகத்து மாணவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் தாண்டியதை மற்றவர் அருகிலிருந்து பார்த்திருக்கிறார். 1964இல் தோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தபோது ஓடாவின் நினைவாக மைதானத்துக் கொடிக்கம்பம் ஒன்றை 15.21 மீட்டர் உயரத்தில் நட்டார்கள். முன்னே போனவனை மறவாத சமூகத்தில்தான் பின்னே ஒருவன் வருகிறான் என்று அதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

நம்மிடமும் ஒருவர் இருந்தார். பெயர் ஹென்றி ரெபெல்லோ. 1948 லண்டன் ஒலிம்பிக் சுதந்திர இந்தியா பங்கேற்ற முதல் ஒலிம்பிக். ரெபெல்லோவுக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்த ஆண்டு இந்தியாவில் ஐம்பது அடியைக் கடந்து தாண்டிவிட்டுத்தான் கப்பலேறினார். ஐம்பது அடி என்பது 15.24 மீட்டர். அன்றைய உலகில் மிகச் சிலரே தொட்ட அளவு அது. பதக்கம் வெல்லக்கூடியவர்களில் ஒருவராக அவரை எல்லாரும் கருதினார்கள்.

இறுதிப் போட்டி நாளில் நடந்ததைப் பின்னாளில் அவரே விவரித்திருக்கிறார். உடலைச் சூடேற்றிக்கொண்டு தம் முறைக்காக ஓடுதளத்தில் நின்றிருந்தார். பரிசளிப்பு நிகழ்ச்சி ஒன்று குறுக்கிட்டதால் சற்றுப் பொறுக்கும்படி அதிகாரி கூறினார். லண்டன் குளிரில் காத்து நின்ற அந்தச் சில நிமிடங்களில் தசைகள் இறுகிவிட்டன. நிகழ்ச்சி முடிந்ததும் அழைத்தார்கள். மீண்டும் உடலைச் சூடேற்றிக்கொள்ளாமல் ஓடிவந்து தாண்டினார். தொடையின் பின்தசை கிழிந்தது. அத்தோடு அவருடைய ஒலிம்பிக் முடிந்தது. சுவீடனின் அர்னே ஓமான் 15.40 மீட்டர் தாண்டித் தங்கம் பெற்றார். மூன்றாமிடத்துக்கு 15.02 மீட்டரே போதுமாக இருந்தது. ரெபெல்லோ இந்தியாவில் ஏற்கெனவே தாண்டியதைவிடக் குறைவான அளவு அது. அவர் விமானப்படையில் சேர்ந்து பணியாற்றி ஓய்வுபெற்று, 2013இல் காலமானார்.

தடகளத்தில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை நீரஜ் சோப்ரா 2021இல் ஈட்டியெறிந்து கொண்டுவந்தபோது, எழுபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பத்தொன்பது வயது இளைஞர் குளிரில் காத்து நின்ற அந்தச் சில நிமிடங்கள் என் நினைவில் வந்தன. தோற்றவர்களைப் பற்றி எழுதுவதில் தமிழிலக்கியத்துக்குத் தயக்கமே கிடையாது. வடக்கிருந்து உயிர்விட்ட அரசனை நாம் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறோம். ரெபெல்லோவின் பெயரையோ என் மாணவர்களில் ஒருவர்கூடக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

என் தோழனின் கதையை இங்கே சொல்லவேண்டும். அவனுடைய எட்டு எங்கள் எல்லாரையும்விட நீண்டது. காலடி விழும் ஓசையே கேட்காது. ஆடிக்காற்று மேற்கிலிருந்து வீசும்போது அதை முதுகில் வாங்கிக்கொண்டு ஓடினால் இன்னும் ஓரடி கூடும் என்று கண்டுபிடித்திருந்தான். பன்னாட்டு விதியில் அதற்கு இடமில்லை. பின்னிருந்து வீசும் காற்று நொடிக்கு இரண்டு மீட்டருக்கு மேற்பட்டால் சாதனையாகக் கொள்ளமாட்டார்கள். எட்வர்ட்ஸ் அதே 1995இல் பிரான்ஸின் லில் நகரில் தாண்டிய 18.43 மீட்டர் அவ்வாறுதான் ஏட்டில் ஏறாமல் போயிற்று. எங்கள் ஊரில் காற்றை அளப்பார் யார்? அளக்கவேண்டியது வேறொன்று இருந்தது. குழியிலிருந்த மணலின் ஆழம்.

ஒவ்வோர் ஆண்டும் விழாவுக்கு முன் திருச்சுழிப் பக்கத்திலிருந்து குண்டாற்று மணல் ஒரு வண்டி வரும். நாங்கள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த ஆண்டு ஏனோ அது வரவில்லை. பழைய மணல் காற்றில் பறந்து, மழையில் கரைந்து, ஒரு சாண்கூட மிஞ்சவில்லை. அதன் அடியில் கோடையில் காய்ந்து கல்லாகிப்போன கரிசல். மண்டலப் போட்டிக்கான தேர்வில் அவன் தன் வாழ்நாளின் மிக நீண்ட தாண்டலைத் தாண்டி அந்தக் கல்லின்மேல் இறங்கினான். குதிகால் எலும்பு விரிசல் கண்டது. பிறகு அவன் தாண்டவில்லை. குடும்பத் தொழிலான தறிக்குப் போனான். யாரையும் குறைசொல்லும் நோக்கம் எனக்கில்லை. ஒரு வண்டி மணல் வராமல் போவது யார் கண்ணிலும் படாத செய்தி. லண்டனில் சில நிமிடங்கள் காத்திருந்ததும் அப்படிப்பட்டதே.

ரெபெல்லோவுக்குப் பிறகு இந்தியாவில் தனித்தனி வீரர்கள் தோன்றாமல் இல்லை. மொகிந்தர் சிங் கில் 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கமும், அதே ஆண்டு எடின்பரோ காமன்வெல்த் விளையாட்டில் வெண்கலமும், 1974இல் கிறைஸ்ட்சர்ச்சில் வெள்ளியும் வென்றார். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் படித்தபடி பயின்றவர் அவர். அவர் கற்றது அவரோடு முடிந்தது. ஆசிய விளையாட்டில் அடுத்த தங்கத்துக்கு நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின. 2018இல் ஜகார்த்தாவில் அர்பிந்தர் சிங் 16.77 மீட்டர் தாண்டி அதை வென்றார். இடையில் 2010 தில்லி காமன்வெல்த் விளையாட்டில் ரஞ்சித் மகேஸ்வரி 17.07 மீட்டரோடு வெண்கலம் பெற்றார். நொண்டி இருந்தது, தாவலும் இருந்தது. ஒரு தலைமுறையை அடுத்த தலைமுறையோடு இணைக்கும் எட்டுதான் நம்மிடம் இல்லை.

அது 2022இல் தென்படத் தொடங்கியது. ஜூலையில் அமெரிக்காவின் யூஜின் நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் கேரளத்தின் எல்தோஸ் பால் இறுதிச் சுற்றுக்கு முன்னேறினார். மும்முறை தாண்டுதலில் இந்தியர் ஒருவர் அந்தக் கட்டத்தை எட்டியது அதுவே முதல்முறை. அடுத்த மாதம் பர்மிங்ஹாம் காமன்வெல்த் விளையாட்டில் அவர் 17.03 மீட்டரோடு தங்கமும், மற்றொரு கேரளத்தவரான அப்துல்லா அபூபக்கர் 17.02 மீட்டரோடு வெள்ளியும் வென்றனர். நான்காமிடத்தில் தஞ்சைத் தரணியின் பிரவீன் சித்ரவேல், 16.89 மீட்டர். வெண்கலம் மூன்று சென்டிமீட்டரில் தவறியது. முதல் நான்கு பேரில் மூவர் இந்தியர். அதே வாரத்தில் கொலம்பியாவின் காலி நகரில், இருபது வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டியில் மதுரைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை செல்வ பிரபு திருமாறன் 16.15 மீட்டர் தாண்டி வெள்ளி வென்றார். மதுரை எங்களுக்குப் பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவு.

2023 மே மாதம் கியூபாவின் ஹவானாவில் பிரவீன் 17.37 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்தார். உலக சாம்பியன்ஷிப்பில் இருமுறை வெள்ளி வென்ற கியூபரான யோவாந்த்ரி பெத்தான்சோஸ் அவருடைய பயிற்சியாளராக இருந்தார். 2025 ஏப்ரலில் கொச்சியில் பிரவீன் அதே அளவை மீண்டும் தொட்டார். பெரிய மேடைகள் இன்னும் வசப்படவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2023 புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலத்தின் அளவு 17.40 மீட்டர், நம் சாதனையைவிட மூன்றே சென்டிமீட்டர் அதிகம். ஆனால் அங்கு சென்ற நம்மவர் மூவரும் தகுதிச் சுற்றைத் தாண்டவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் 2025 தோக்கியோ உலக சாம்பியன்ஷிப்பிலும் இறுதிச் சுற்றில் நம்மவர் எவரும் இல்லை. இருந்தும் இப்போது எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஒருவர் தவறினால் அருகில் இன்னொருவர் ஓடுதளத்தில் நிற்கிறார். ஓடாவுக்கு நம்பு இருந்ததுபோல.

பர்மிங்ஹாம் போட்டி முடிந்த மறுநாள் மாலை என் தோழனைத் தறிக்கூடத்தில் போய்ப் பார்த்தேன். கைப்பேசியில் அந்தக் காட்சிகளைக் காட்டினேன். தறியை நிறுத்திவிட்டு வந்து, மூவர் தாண்டியதையும் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தான். பிரவீனின் தாண்டலைப் பார்த்தபோது, "ரெண்டாவது கால் எப்படி எறங்குது பாருடா" என்றான். தங்கம் யாருக்கு, வெள்ளி யாருக்கு என்று அவன் கேட்கவில்லை. கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டான்.

"அந்தக் குழியில மணல் எவ்வளவு ஆழம் இருக்கும்?"