வடிகஞ்சி கேட்ட நகரம்

சோறு வடித்த கஞ்சிக்கு வங்காளத்தில் 'ஃபேன்' என்று பெயர். நம் ஊரில் வேட்டிக்குப் போட்டது போக மிச்சத்தை மாட்டுத் தொட்டியில் ஊற்றுவார்கள். 1943-இல் கல்கத்தாவில் வாசல் வாசலாகப் போய் ஜனங்கள் கேட்டது அதைத்தான். சோறு கேட்டுப் பிரயோஜனம் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நகரத்தில் அரிசியே இல்லை போல என்று நினைத்துத்தான் இதைப் படிக்க ஆரம்பித்தேன். இருந்திருக்கிறது. யாருக்கு இருந்தது என்பதுதான் விஷயம்.

1942 ஆகஸ்ட்டிலேயே வங்காள வர்த்தக சபை ஓர் உணவுத் திட்டம் போட்டுவிட்டது. யுத்தத்துக்குத் தேவையான ஆலைகளின் தொழிலாளிகளுக்குச் சலுகை விலையில் தானியம். பிறகு ரயில்வே, துறைமுகம், அரசு ஊழியர் எல்லாரும் 'முன்னுரிமை வகுப்பினர்' ஆனார்கள். எங்கள் தொழிலில் இதை வொயிட்லிஸ்ட் என்போம். பட்டியலில் பேர் இருந்தால் உள்ளே. இல்லையென்றால் எர்ரர் மெசேஜ்கூட வராது.

இந்த நகரத்துக்கு அரிசி எங்கிருந்து வந்தது? கிராமங்களிலிருந்துதான். கல்கத்தாவுக்காக அரசும் வியாபாரிகளும் போட்டி போட்டு வாங்க, விலை ஏறியது. 1942 டிசம்பரில் மணங்கு (அங்கே சுமார் 37 கிலோ) 13, 14 ரூபாய்க்கு விற்ற அரிசி, அடுத்த ஆகஸ்ட்டில் 37 ரூபாய். விவசாயக் கூலிகள், மீனவர்கள், படகோட்டிகள் இவர்களுடைய வருமானம் அப்படி ஏறவில்லை. தங்கள் ஊரை விட்டுப்போன அரிசியின் பின்னாலேயே அவர்களும் கல்கத்தாவுக்கு வந்து, நடைபாதையில் கிடந்தார்கள்.

அமர்த்தியா சென் அப்போது ஒன்பது வயதுப் பையன், சாந்திநிகேதனில். பிச்சை கேட்டு வருபவருக்கு ஒரு சிகரெட் டின் அளவு அரிசி கொடுக்கலாம் என்று தாத்தா அனுமதித்திருந்தார். பின்னாளில் 1981-இல் வந்த நூலில் அவர் போட்ட கணக்கு இது: 1943-இல் வங்காளத்துக்குக் கிடைத்த அரிசி முந்தைய ஐந்தாண்டு சராசரியைவிடச் சுமார் 5 சதவீதம்தான் குறைவு, பஞ்சமே வராத 1941-ஐவிட அதிகம். இந்தக் கணக்கை மறுக்கும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் நடைபாதையில் செத்தவர்கள் பெரும்பாலும் கிராமத்திலிருந்து வந்தவர்கள், பட்டியலில் இருந்தவர்கள் அல்ல என்பதில் சண்டை இல்லை.

ஆகஸ்ட் 22-ஆம் தேதி ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை தெருவில் கிடந்தவர்களின் புகைப்படங்களைப் போட்டது. ஆசிரியர் இயான் ஸ்டீஃபன்ஸ், ஆங்கிலேயர். தணிக்கை விதிகள் எழுத்தைப் பற்றித்தான் பேசின, படத்தை மறந்துவிட்டன. அந்த ஓட்டையில் நுழைந்த மனுஷன். அதுக்கப்புறம்தான் டெல்லியிலும் லண்டனிலும் அசைவு தெரிந்தது.

கஞ்சித் தொட்டிகள் திறந்தார்கள். கம்பு மாதிரியான தானியமும் வந்தது. பட்டினியில் சுருங்கிய குடல் அதைத் தாங்கவில்லை. அக்டோபரில் ஆதரவற்றோரை அப்புறப்படுத்த ஓர் அவசரச் சட்டம். போலீஸ் பிடித்து நகரத்துக்கு வெளியே முகாம்களுக்கு அனுப்பியது.

கல்கத்தாவில் முறையான ரேஷன் தொடங்கியது 1944 ஜனவரி கடைசியில். அக்டோபரில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு அங்கே கார்டு வாங்க விலாசம் ஏது?