முத்துக்குளித்துறையிலிருந்து சொந்த வண்டியில் வெளிநாட்டுப் பயணம்

தங்கும் வண்டிப் பயணம் என்பது, உறங்கவும் சமைக்கவும் வசதி செய்யப்பட்ட வண்டியைத் தாமே ஓட்டிக்கொண்டு பல வாரங்களோ மாதங்களோ ஊர் ஊராகச் செல்லும் சுற்றுலாவைக் குறிக்கும். இவ்வண்டி கேம்பர் வேன் என்றும் கேரவன் என்றும் அழைக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் வண்டியே பலருக்கும் நினைவுக்கு வரும். அது நின்ற இடத்தில் பயன்படுவது. இங்கே பேசப்படுவது நாடு விட்டு நாடு ஓடும் வண்டி.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் அருகில் உள்ளது சாகுபுரம். தாரங்கதாரா இரசாயன ஆலையைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பு இது. இங்கிருந்து மிக அருகில் உள்ள அயல்நாடு இலங்கை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கடல்வழித் தொலைவு ஏறத்தாழ 150 கடல் மைல் மட்டுமே. ஆனால் சொந்த வண்டியைச் சாலை வழியே ஓட்டிச் செல்ல நினைப்பவருக்கு முதலில் எட்டும் அயல்நாடு, 2,500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள நேபாளம். அருகில் உள்ள நாடு வண்டிக்கு எட்டாததாகவும் தொலைவில் உள்ள நாடு எட்டக்கூடியதாகவும் இருப்பதற்குக் காரணம் சாலையின் தரம் அன்று. கடவுத்துறைகள் திறந்ததும் மூடியதும், நாடுகள் வகுத்த ஆவண விதிகளுமே காரணம்.

மாட்டு வண்டிக் காலம்

வண்டியையே வீடாகக் கொண்டு பயணம் செய்வது தென் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. பேருந்துகள் பரவுவதற்கு முன், திருச்செந்தூர்த் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரக் குடும்பங்கள் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தன. அரிசி, பருப்பு, பானை, கட்டுச்சோறு, மாடுகளுக்கு வைக்கோல், அச்சுக்குப் பூச மசகு, மாற்றுக் கடையாணி, வண்டிக்கு அடியில் தொங்கவிட அரிக்கேன் விளக்கு ஆகியவை பயணச் சுமையில் இடம்பெற்றன. இரவில் பெண்களும் குழந்தைகளும் கூண்டுக்குள் உறங்க, ஆண்கள் வண்டிக்கு அடியில் படுத்தனர். சாலையோரச் சத்திரம், கிணறு, சுமைதாங்கி ஆகியவற்றைக் கணக்கிட்டே ஒரு நாள் பயணத்தின் அளவு முடிவு செய்யப்பட்டது. உணவு, நீர், எரிபொருள், உதிரிபாகம், இரவுத் தங்கல் என்னும் ஐந்தும் இன்றைய தங்கும் வண்டிப் பயணத்திலும் மாறாத அடிப்படைகள். அந்தப் பயணத்தில் எல்லை இல்லை, சுங்கச் சாவடி இல்லை என்பது மட்டுமே வேறுபாடு.

கடல் கடக்கும் வழிகள்

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கான இருப்புப்பாதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிறைவடைந்தது. அதன் பின் தூத்துக்குடி, கொழும்புக்குச் செல்லும் பயணிகளின் முதன்மைத் துறைமுகமாயிற்று. பிரித்தானிய இந்தியா கப்பல் நிறுவனத்தின் ஆதிக்கத்தில் இருந்த இந்த வழித்தடத்தில்தான், வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் நிறுவிய சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனம் காலியா, லாவோ என்னும் கப்பல்களை இயக்கியது.

அக்காலத் தூத்துக்குடித் துறைமுகம் ஆழம் குறைந்தது. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளியே நங்கூரமிட்டன. ஆட்களும் சரக்கும் படகுகளில் ஏறிக் கப்பலை அடைந்தனர். மூட்டை முடிச்சுடன் செல்பவருக்கு இது போதுமானது. வண்டியை ஓட்டி ஏற்றவோ இறக்கவோ ஏற்ற அமைப்பு அன்று. ஆழ்கடல் துறைமுகம் செயல்பட்டது 1974இல்தான்.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் இலங்கைப் பயணிகளின் பாதை தனுஷ்கோடிக்கு மாறியது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பின்னர் மீண்டும் ரயில் என ஒரே பயணச்சீட்டில் கொழும்பை அடைய முடிந்தது. இதுவே போட் மெயில் எனப் புகழ்பெற்றது. ரயில் பெட்டிகள் கப்பலில் ஏற்றப்படவில்லை. பயணிகளே இறங்கிக் கப்பல் ஏறினர். 1964 டிசம்பர் 22-23 இரவில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு இயங்கிய கப்பலும் இலங்கையின் உள்நாட்டுப் போர் மூண்டபின் 1980களில் நின்றது.

போர் முடிந்தபின், 2011 ஜூன் 13 அன்று தூத்துக்குடி–கொழும்பு பயணிகள் கப்பல் சேவை மீண்டும் தொடங்கப்பட்டது. இதில் இயங்கிய ஸ்கோஷியா பிரின்ஸ் என்னும் கப்பல், முன்பு அமெரிக்காவின் போர்ட்லாந்துக்கும் கனடாவின் யார்மவுத்துக்கும் இடையே கார்களையும் பயணிகளையும் ஏற்றிச் சென்றது. கப்பல் வண்டி ஏற்றத்தக்கது, துறைமுகமும் ஆழமானது. எனினும் சேவை அதே ஆண்டு நவம்பரில் நின்றுபோனது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, 2024 ஆகஸ்டில் வேறு கப்பலுடன் மீண்டும் இயங்கிய சேவை பயணிகளுக்கு மட்டுமானது.

ஆசியாவைக் கடந்த சாலைப் பயணங்கள்

சொந்த வண்டியில் கண்டம் கடக்கும் வழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவியது. செருமனியின் வோக்ஸ்வாகன் நிறுவனம் 1950இல் தயாரிக்கத் தொடங்கிய சிறு வேனில், வெஸ்ட்பாலியா நிறுவனம் 1951 முதல் படுக்கையும் அலமாரியும் அமைத்துத் தந்தது. இன்றைய கேம்பர் வேன்களுக்கு இது முன்மாதிரி ஆனது.

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் அறுவர் 1955 செப்டம்பர் 1 அன்று இரண்டு லேண்ட் ரோவர் வண்டிகளில் இலண்டனிலிருந்து புறப்பட்டனர். இந்தியா, பர்மா வழியாக 1956 மார்ச் 6 அன்று சிங்கப்பூரை அடைந்தனர். 1957 ஏப்ரல் 15 அன்று இலண்டனிலிருந்து கிளம்பிய இந்தியாமேன் என்னும் பேருந்து ஜூன் 5இல் கல்கத்தாவை அடைந்தது. 1960களிலும் 1970களிலும் இஸ்தான்புல், தெகுரான், காபூல், லாகூர், டெல்லி என நீண்ட இந்தச் சாலையில் ஆயிரக்கணக்கான மேற்கத்திய இளைஞர்கள் பழைய வேன்களிலும் பேருந்துகளிலும் வந்தனர். 1979இல் ஈரானில் நிகழ்ந்த புரட்சியும், அதே ஆண்டு இறுதியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படைகள் நுழைந்ததும் இப்பாதைக்கு முற்றுப்புள்ளி வைத்தன.

இந்தியரின் பயணங்கள்

மேற்கிலிருந்து இந்தியாவுக்கு வண்டிகள் வந்த அளவுக்கு இந்தியாவிலிருந்து மேற்கே வண்டிகள் செல்லவில்லை. விருப்பம் இல்லாமை இதற்குக் காரணமன்று. பம்பாயைச் சேர்ந்த பார்சி இளைஞர்கள் 1923இலேயே மிதிவண்டியில் புறப்பட்டனர். அவர்களுள் ஆதி ஹக்கீம், ஜல் பாபாசோலா, ருஸ்தம் பும்கரா ஆகிய மூவர் உலகைச் சுற்றி 1928இல் திரும்பினர். தமிழரில் ஏ. கே. செட்டியார் கப்பலிலும் ரயிலிலுமாக உலகைச் சுற்றி, 'உலகம் சுற்றும் தமிழன்' என்னும் நூலை 1940இல் வெளியிட்டார்.

விடுதலைக்குப் பின் தடையாக நின்றவை இரண்டு. முதலாவது கடவுச்சீட்டு. 1967 வரை அதை வழங்குவதும் மறுப்பதும் அரசின் விருப்பத்தைப் பொறுத்ததாக இருந்தது. வெளிநாடு செல்வது தனிமனித உரிமையின் பகுதி என்று சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து கடவுச்சீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. இரண்டாவது அந்நியச் செலாவணி. சுற்றுலாவுக்கு மிகக் குறைந்த வெளிநாட்டுப் பணமே அனுமதிக்கப்பட்டதால், பல மாதங்கள் எரிபொருளும் உணவும் வாங்கிச் செல்லும் பயணம் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாக்கனியாக இருந்தது. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமும், 2004இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த தாராளப் பணம் அனுப்பும் திட்டமும் இந்நிலையை மாற்றின.

இத்தடைகள் இருந்த காலத்திலேயே சலூ சௌத்ரி, நீனா சௌத்ரி இணையர் 1989 செப்டம்பர் 9 முதல் நவம்பர் 17 வரை இந்துஸ்தான் கான்டெசா கிளாசிக் காரில் ஆறு கண்டங்களைச் சுற்றி, 69 நாள் 19 மணி 5 நிமிடத்தில் டெல்லிக்குத் திரும்பிச் சாதனை படைத்தனர். 2017 மார்ச்சில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண்கள் குழு டாடா ஹெக்சா காரில் இலண்டனுக்குப் புறப்பட்டது. 70 நாட்களில் 24 நாடுகள் என்பது அவர்களது திட்டம். மணிப்பூர் எல்லை வழியே மியான்மர், தாய்லாந்து, லாவோஸ், சீனா, நடு ஆசியா எனச் சென்றது அப்பாதை. கேரளத்தைச் சேர்ந்த நாஜி நௌஷி 2022இல் தம் மகிந்திரா தார் வண்டியை மும்பையிலிருந்து ஓமனுக்குக் கப்பலில் அனுப்பி, அங்கிருந்து ஓட்டி, உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி நடந்த கத்தாரை அடைந்தார். அவ்வண்டியில் சமையல் வசதியும் கூரையின்மேல் கூடாரமும் இருந்தன.

திட்டமிடலின் கூறுகள்

சுங்க ஆவணம். வெளிநாட்டு வண்டி ஒரு நாட்டுக்குள் நுழையும்போது, அது அங்கேயே விற்கப்படலாம் என்று சுங்கத் துறை ஐயுறுகிறது. வண்டிக்கான இறக்குமதி வரி பெருந்தொகை. பயணி ஒவ்வொரு எல்லையிலும் அதைக் கட்டித் திரும்பப் பெறுவது நடவாத செயல். இதற்குத் தீர்வாக வந்ததே கார்னெட் என்னும் ஏடு. தனியார் வண்டிகளைத் தற்காலிகமாக இறக்குமதி செய்வது பற்றி 1954இல் நியூயார்க்கில் ஏற்பட்ட உடன்படிக்கை இதற்கு அடித்தளம்.

கார்னெட்டின் ஒவ்வொரு தாளும் மூன்று பகுதிகள் கொண்டது. நுழையும்போது ஒரு பகுதியையும் வெளியேறும்போது மற்றொரு பகுதியையும் சுங்க அதிகாரி கிழித்துக்கொள்வார். எஞ்சும் அடித்தாளில் இருமுறையும் முத்திரை இடப்படும். மும்பையில் 1919இல் தொடங்கப்பட்ட மேற்கு இந்திய ஆட்டோமொபைல் சங்கம் போன்ற வாகனச் சங்கங்கள், வண்டியின் மதிப்பையும் செல்லும் நாடுகளின் வரியையும் பொறுத்துப் பிணைத்தொகை பெற்று இந்த ஏட்டை வழங்குகின்றன. ஏட்டின் செல்லுபடிக் காலம் ஓராண்டு. வெளியேறும் முத்திரை ஒன்று விடுபட்டாலும் வண்டி அந்நாட்டிலேயே தங்கிவிட்டதாகக் கருதப்பட்டு, பிணைத்தொகையில் கை வைக்கப்படலாம். எல்லையில் எவ்வளவு அவசரமானாலும் முத்திரையைச் சரிபார்க்காமல் வண்டியை எடுக்கலாகாது.

ஓட்டுநர் உரிமம். 1949ஆம் ஆண்டின் ஜெனீவாச் சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி வழங்கப்படும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெறலாம். இதுவும் ஓராண்டுக்கே செல்லும். அதே உடன்படிக்கையின்படி வண்டியின் பின்புறம் நாட்டின் அடையாள எழுத்துகள் இருக்க வேண்டும். பதிவு எண் உரோமன் எழுத்திலும் பன்னாட்டு எண்ணிலும் இருக்க வேண்டும். சீனா இந்த அனுமதியை ஏற்பதில்லை. அங்கே தற்காலிக உரிமமும் பதிவு பெற்ற முகவர் வழியே வழிகாட்டியும் தேவை என்பதால், செலவுக் கணக்கில் அந்நாடு தனி இடம் பெறுகிறது.

சாலையின் பக்கம். இந்தியா, இலங்கை, நேபாளம், தாய்லாந்து ஆகியவை இடப்பக்கம் ஓட்டும் நாடுகள். மியான்மர் 1970இல் வலப்பக்கத்துக்கு மாறியது. சீனாவும் ஐரோப்பாவின் பெரும்பகுதியும் வலப்பக்கமே. வலப்புறத் திருப்புவளையம் கொண்ட இந்திய வண்டியில் அங்கே முந்திச் செல்வது ஆபத்தானது. முன்னிருக்கையில் இடப்புறம் அமர்ந்திருப்பவரே எதிர்வரும் வண்டியைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கப்பல் ஏற்றம். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து சரக்குப் பெட்டகத்தில் வண்டியை அனுப்பலாம். வழக்கமான பெட்டகத்தின் கதவு உயரம் ஏறத்தாழ 2.28 மீட்டர், உயரமான வகையிலும் 2.58 மீட்டரே. நின்றுகொண்டு சமைக்கும் உயரமுள்ள வேன் இதில் நுழையாது. கூரை மடங்கும் வேனோ, கூடாரத்தைக் கழற்றி வைக்கக்கூடிய ஜீப்போ நுழையும். ஆகவே வண்டி வாங்குவதற்கு முன்பே கப்பல் வழியை முடிவு செய்ய வேண்டும்.

பருவம். நடு ஆசிய மலைக் கணவாய்களில் பனி உருகும் காலத்தையும், வடகிழக்கு இந்தியாவில் மழை தொடங்கும் காலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், கிழக்கு வழியே செல்பவர் மார்ச், ஏப்ரலில் புறப்படுவது பொருத்தம்.

இன்றைய நிலை

சாகுபுரத்திலிருந்து மணிப்பூரின் மோரே எல்லை ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். 2018இல் பயணிகளுக்கு முறையாகத் திறக்கப்பட்ட அந்த வழி, 2021 பிப்ரவரியில் மியான்மரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் சுற்றுலாவுக்கு உகந்ததாக இல்லை. மேற்கே அட்டாரி எல்லைச் சாவடி 2025 ஏப்ரலில் மூடப்பட்டது. நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் இந்திய வண்டி கார்னெட் இன்றி, எல்லையில் பெறும் அனுமதியுடன் செல்லலாம். அதற்கும் அப்பால் செல்ல விரும்புவோர் பலரும் கப்பலை நாட வேண்டியுள்ளது.

இதனால் பெரும்பாலோர் விமானத்தில் சென்று அங்கேயே தங்கும் வண்டியை வாடகைக்கு எடுக்கின்றனர். இடப்பக்கம் ஓட்டும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரித்தானியா ஆகியவை இந்திய ஓட்டுநருக்கு எளியவை. கார்னெட்டும் பிணைத்தொகையும் இதில் தேவையில்லை. செலவிலும் காலத்திலும் இதுவே சிக்கனம்.

இலங்கையுடன் தரைவழி இணைப்பு அமைக்கும் வாய்ப்பை ஆராய்வதாக இரு நாடுகளும் 2023 ஜூலையில் அறிவித்தன. பாலம் அமையும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வண்டிகளை ஏற்றும் ஒரு கப்பல் நிலையாக இயங்கினாலே, சாகுபுரத்தில் மாலையில் புறப்படும் வண்டி மறுநாள் கொழும்புச் சாலையில் ஓடும். 2011ஆம் ஆண்டின் சேவை, அதற்கான துறைமுகமும் கப்பலும் கிடைக்கக்கூடியவையே என்பதைக் காட்டியது. இல்லாதது, தொடர்ந்து நடத்தும் ஏற்பாடு மட்டுமே.